மாவு கேட்ட ராவுத்தர்

ஓய்வு பெற்றுப் போனவளைத் திரும்பக் கூப்பிட்டு மேடை ஏற்றினால் அவள் என்ன பேசித் தொலைப்பாள் என்று உங்கள் நிர்வாகம் யோசித்திருக்க வேண்டும். "புதுசாச் சேர்ந்த பிள்ளைங்களுக்கு ஊக்கமா நாலு வார்த்தை சொல்லுங்க மேடம்" என்றார்கள். ஊக்கம் வேண்டுமென்றால் கீழே கேன்டீனில் காபி இருக்கிறது, போய்க் குடியுங்கள். என்னிடம் இருப்பதைத்தான் நான் தர முடியும்.

பக்கவாதம் வந்து பேச்சு போனவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பிடித்து அவர்கள் வாயில் திரும்ப வைப்பது நம் பிழைப்பு. அதை எப்படிச் செய்வது என்று கல்லூரியில் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சொல்லிக் கொடுக்காத ஒன்று இருக்கிறது. எதிரே படுத்திருப்பவர் எந்த மொழியில் போய் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதை யூகிக்கக் கூடாது. யூகித்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத்தான் இன்று பஸ் ஏறி வந்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாமக்கல் பக்கத்து லாரி டிரைவர் ஒருவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். வாலிபத்திலிருந்தே வடக்கே வண்டி ஓட்டியவர். மயக்கம் தெளிந்ததும் மனிதர் இந்தியில் பேச ஆரம்பித்துவிட்டார். தமிழ் ஒரு சொல்கூட வரவில்லை. பெண்டாட்டிக்கு இந்தி தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா அழுதது இன்னும் காதில் இருக்கிறது. "ஏனுங்க, எங்கூட்டுக்காரரு என்னமோ பானி பானிங்கறாருங்க. நானும் ஊட்டுக்கு ஓடி, பானையத் தூக்கியாந்து வெச்சனுங்க. அதப் பாத்துட்டு அழுவறாருங்க." தண்ணீர் கேட்டிருக்கிறார், பாவம். அவருக்குத் தமிழ் திரும்பப் பல மாதம் ஆனது. பெற்ற தாயிடம் கற்ற மொழி போய், தாபாவில் கற்ற மொழி நின்றது ஏன் என்று பெரிய டாக்டரைக் கேட்டேன். மண்டைக்குள் மொழிகள் ரேஷன் கடை மூட்டை மாதிரி தனித்தனியாக அடுக்கியிருப்பதில்லை, எது போகும் எது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். அவருக்கே தெரியவில்லை என்பதை அவ்வளவு அழகாகச் சொன்னார். இருந்தாலும் அந்த டிரைவருக்கு ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. அவரிடம் என்ன மொழி மிச்சம் என்று தெரிந்துகொள்ள ஆட்கள் வாய் திறந்து கேட்டார்கள்.

பிறகு மெஷின் வந்தது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் இரண்டு நாள் போய்க்கொண்டிருந்தேன். எது என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அங்கே ஒரு டேப்லெட் வாங்கி வைத்தார்கள். நோயாளி முன்னால் வைத்தால் அதுவே கேள்வி கேட்கும், பதிலைக் கேட்டு எழுதிக்கொள்ளும், ஆங்கிலத்தில் ரிப்போர்ட் தரும். இந்தியாவில் உள்ள பாஷை அத்தனையும் அதற்குத் தெரியும் என்று விற்க வந்தவர் பீற்றிக்கொண்டார். கூட இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. நோயாளியின் பெயரை வைத்து அவர் மொழி எது என்று அதுவே முடிவு செய்துகொள்ளும். தவறென்றால் நாம் மாற்றலாம். யார் மாற்றுவார்கள்? மெஷின் போட்டதை மாற்றினால் வேலை கூடுமே!

வாழப்பாடியிலிருந்து சிக்கந்தர் ராவுத்தர் வந்தார். பாக்கு மண்டிக்காரர், அறுபதைத் தாண்டியவர், ஆள் வாட்டசாட்டம். வலது கை கால் விழுந்துவிட்டது. சாப்பாடு மூக்கு வழியாக டியூபில். கண் திறந்திருக்கும், வாய் பேசாது. ஒரே ஒரு சத்தம் மட்டும் எப்போதாவது குழறிக்கொண்டு வரும். பயிற்சிக்கு வந்திருந்த பெண், ராசிபுரத்துக்காரி, டேப்லெட்டை அவர் முன்னால் வைத்துச் சோதித்தாள். அன்று நான் அங்கே போகும் நாள் இல்லை. மெஷின் கேட்ட எதற்கும் அவர் அசையவில்லை. கண்ணை மூடு என்றது, மூடவில்லை. கையைத் தூக்கு என்றது, தூக்கவில்லை. கடைசியில் அந்தக் குழறல் சத்தத்தை மட்டும் விட்டார். மெஷின் அதைப் பிடித்துக்கொண்டு ரிப்போர்ட் தந்தது. 'கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் இல்லை. கோதுமை மாவு கேட்கிறார். சூழ்நிலைக்குப் பொருந்தாத பேச்சு.'

நியூரோ டாக்டர் அதைப் படித்துவிட்டு வெளியே வந்து குடும்பத்திடம் சொன்னார். "இனிமே அவருக்கு எதுவும் வெளங்காது. பயிற்சி வார்டுல போட்டுப் பிரயோஜனம் இல்ல. கொஞ்ச நாள் இங்க வெச்சிருந்துட்டு ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க."

டாக்டர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தால் அந்த அறையில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? பேச்சு நின்றுவிடும். நோயாளியோடு பேசுவது நின்றுவிடும், அவரைப் பற்றிப் பேசுவது தொடங்கிவிடும். அதுவரை 'தண்ணி வேணுமா, கால் வலிக்குதா' என்று கேட்டவர்கள், அவர் தலைக்கு மேலே நின்று, ஆறிப்போன சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதுபோல் அவரைப் பற்றிப் பேசுவார்கள். அவர் மனைவி மைமூன் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து குர்ஆனிலிருந்து யாசீன் ஓதிக்கொண்டிருந்தார். கூடவே ராவுத்தர் உதடும் அசைகிறது என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். அது பழக்கத்தில் வருவது, புரிந்து வருவதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி. மனப்பாடமாக ஓதுவது, எண்ணுவது, திட்டுவது எல்லாம் மற்றப் பேச்சு போன பிறகும் தானாக வரும். அந்த அம்மாவும் நம்பிவிட்டார். டாக்டர் சொல்வதை நம்பாமல் வேறென்ன செய்வார்?

நான் போன அன்று அவருக்கு விழுங்க முடிகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். டயட் பிரிவிலிருந்து ஏதோ கஞ்சி கொடுத்திருந்தார்கள். மோந்து பார்த்தேன். நர்ஸிடம் சொன்னேன், "ஏனுங் சிஸ்டர், இதைய எங்கூட்டு எருமைகூட மோந்து பாக்காதுங்களே, இவரு என்ன பாவம் பண்ணுனாரு?" படுத்திருந்த மனிதரின் இடதுபக்க உதடு மேலே போனது. தோளும் குலுங்கியது.

சிரிக்கிறார்! எதுவும் விளங்காது என்று இவர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒதுக்கிவிட்ட மனிதர் என் எருமைக்குச் சிரிக்கிறார்.

கரண்டியைக் கீழே வைத்தேன். "பாய், நான் சொன்னது வெளங்குச்சுங்களா? வெளங்குச்சுன்னா கண்ண ஒருக்கா மூடித் தொறங்க" என்றேன். மூடித் திறந்தார். "நீங்க மண்டியில தேங்காய்தானே விக்கறீங்க?" என்றேன். தலையை அப்படி ஒரு கோபத்தோடு ஆட்டினார், டியூப் பிடுங்கிக்கொள்ளுமோ என்று பயந்துவிட்டேன். "பாக்குங்களா?" என்றேன். கண்ணை மூடினார். திறக்கும்போது தண்ணீர் வழிந்தது. எனக்கும்தான்.

வெளியே வந்து அந்த ராசிபுரத்துப் பெண்ணைப் பிடித்தேன். டேப்லெட்டைப் போடச் சொல்லிப் பார்த்தால், அது பேசியது உருது. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"இவருகிட்ட எதுக்கு உருதுல கேட்ட?"

"பேரப் பாத்து மெஷினே போட்டுக்குச்சுங்க மேடம். பாய்னா ஊட்டுல உருதுதானுங்களே பேசுவாங்க?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க. அப்படித்தான்னு நெனச்சிருந்தனுங்க."

"ஏம்மா, நீ சேலத்துக் கடைவீதிக்குப் போனதே இல்லையா? பாய் கடையில தமிழ்லதானே கேட்டு வாங்குன? அவரு தமிழ்லதானே பதில் சொன்னாரு?"

"அது நம்மகிட்டப் பேசறதுக்குன்னு நெனச்சனுங்க மேடம்."

பொய் சொல்லவில்லை, குதர்க்கமும் இல்லை. நல்ல பெண். அவள் படித்த பள்ளியில், கல்லூரியில், பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்த ஒருத்தியிடம்கூட 'நீ வீட்டில் என்ன பேசுவாய்' என்று கேட்டதில்லை. தலைமுறை தலைமுறையாக இதே மண்ணில் தமிழில் பிறந்து தமிழில் சண்டை போட்டுத் தமிழில் செத்துப்போகிறவர்களை, நமக்காகத் தமிழ் பேசுகிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். மெஷினுக்கும் அதே நினைப்பு. மெஷினுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நம்மைப் போன்றவர்கள்தான். ராவுத்தர் சிமோகா வியாபாரிகளிடம் கன்னடத்தில் விலை பேசுவார், அரபியில் ஓதுவார், மண்டி ஆட்களைத் தமிழில் வசைபாடுவார். அவருக்குத் தெரியாத ஒரு மொழியைத் தேடிப் பிடித்து அதில் பரீட்சை வைத்து, ஃபெயில் என்று சொல்லிவிட்டோம்.

டாக்டரிடம் போனேன். "சின்ன லாங்குவேஜ் செட்டிங் பிரச்சனை மேடம், பெருசு பண்ணாதீங்க" என்றார். பயிற்சி வார்டில் அவருக்கு வைத்திருந்த படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டதாம். நான் போட்ட சத்தத்தில் வராந்தாவில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் படுக்கை கிடைத்தது, ஆனால் தாமதமாக. மூளை சீக்கிரம் கற்றுக்கொள்ளும் நாட்கள் வீணாகப் போனபிறகு. அந்த நாட்களை யார் திருப்பித் தருவது? ஒரு மன்னிப்புக்கூட யாரும் கேட்கவில்லை.

குடும்பத்திடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. நல்ல செய்தி சொல்லப்போகிறேன் என்று துள்ளிக்கொண்டு போனேன், முட்டாள். அவருக்கு ஒரே மகன், காதர் மைதீன். ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து வீட்டுக்குப் போகாமல் அப்பாவுக்குத் துடைத்துவிட்டு, புரட்டிப்போட்டு, மூத்திரப்பையைக் காலி செய்துகொண்டு கிடந்தவன். "தம்பி, உங்க அத்தாவுக்கு நாம பேசறதெல்லாம் நல்லாப் புரியுது" என்றேன். அப்பாவை அவர்கள் அத்தா என்பார்கள். அவன் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம்.

"எப்பலேர்ந்து மேடம்?"

"மொத நாள்லேர்ந்தே."

சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தபடியே சொன்னான். டாக்டர் விளங்காது என்று சொன்ன மறுநாள், தங்கையோடு போனில் பேசியிருக்கிறான், அப்பாவின் கால்மாட்டில் நின்றுகொண்டு. "இப்படிக் கெடந்து சீரழியறதுக்கு அல்லா சீக்கிரமா எடுத்துக்கிட்டாத் தேவலைம்மா. எனக்கும் முடியல. எப்ப முடியும்னு இருக்கு." அதைத்தான் சொல்லியிருக்கிறான். தூக்கம் கெட்டு, உடம்பு கெட்டு, மனசு வெடித்துப்போன யாரும் சொல்வதுதான். நானும் என் மாமியாரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் மாமியார் அடுத்த அறையில் இருந்தார்.

"அவரு கண்ணு தொறந்துதான் இருந்துச்சு மேடம். என்னையேதான் பாத்துட்டு இருந்தாரு. வெளங்காதுன்னு நெனச்சு நான்..." என்றான்.

பேச்சை மாற்றலாம் என்று அந்த மாவு விஷயத்தைக் கேட்டேன். அவர் குழறிய சத்தம் உருதுக் காதுக்கு 'ஆட்டா' என்று கேட்டிருக்கிறது, அதனால் மாவு. "உண்மையில அவரு 'அத்தா'ன்னுதான் சொல்லியிருக்கணும். செத்துப்போன அவங்க அப்பாவையா கூப்பிடறாரு?" என்றேன்.

"இல்ல மேடம். என்னைத்தான்."

அவனுக்குத் தாத்தாவின் பெயரை வைத்திருக்கிறார்கள். பெற்ற தகப்பனின் பெயரைச் சொல்லி எப்படி 'வாடா போடா' என்று கூப்பிடுவது? அதனால் பிறந்த நாளிலிருந்து ராவுத்தர் மகனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அத்தா, அத்தாதான். அடிக்கும்போதுகூட 'ஏன் அத்தா இப்படிப் பண்ற' என்றுதான் அடிப்பாராம். இந்த வழக்கம் உங்கள் வீடுகளிலும் இருக்கும், மதம் எதுவாக இருந்தால் என்ன. முதல் சோதனை நடந்தபோது அவன் கண்ணாடிக் கதவுக்கு வெளியேதான் நின்றிருக்கிறான், உள்ளே பேசியது எதுவும் காதில் விழாமல். மொழியெல்லாம் போய் அவரிடம் மிஞ்சியிருந்த ஒரே சொல் அதுதான். அதை வைத்து மகனைக் கூப்பிட்டிருக்கிறார். மெஷின் அதைக் கோதுமை மாவு என்று எழுதிக்கொண்டது.

பயிற்சி தொடங்கியது. தமிழில் கேட்டால் தமிழில் வரும், அவ்வளவுதான் சூட்சுமம். 'தண்ணி' வந்தது. 'போதும்' வந்தது. 'பாக்கு' என்று தெளிவாகச் சொன்ன அன்று வார்டே சிரித்தது. மைமூனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார், அந்த அம்மா முக்காட்டுக்குள் அழுதார். மகனிடம் மட்டும் ஒன்றும் பேசவில்லை. அவன் உள்ளே வந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். அவன் ஊட்டினால் வாயைத் திறப்பார், கண்ணைத் திறக்க மாட்டார். அவனோ ஒவ்வொரு நாளும் என்னிடம் வந்து நிற்பான். "இன்னைக்கு என்னைக் கேட்டாரா மேடம்? 'அத்தா'ன்னு சொன்னாரா?" அந்த ஒரு சொல் திரும்ப வந்தால் மன்னித்துவிட்டார் என்று அர்த்தம் என அவன் வைத்துக்கொண்டான். நானும் அப்படித்தான் வைத்துக்கொண்டேன்.

ஒருநாள் தனியாக இருந்தபோது நானே வாயைவிட்டேன். "பாய், பெத்த பையனுங்க. டாக்டர் சொன்னத நம்பி, அலுப்புல சொன்னதுங்க. மனசுல வெக்காதீங்க" என்றேன்.

என்னைப் பார்த்து, "போதும்" என்றார்.

வீட்டுக்கு அனுப்பும் முன் மறுபடி சோதனை வைக்க வேண்டும் என்று நிர்வாகம் பிடிவாதம் பிடித்தது. இந்தத் தடவை மெஷினைத் தமிழில் போட்டார்கள். அது பேசிய தமிழ் இருக்கிறதே! "தங்கள் அருகாமையில் நிற்கும் நபரின் பெயரைக் கூறுக" என்றது. எந்த ஊரில் அய்யா இப்படிப் பேசுகிறார்கள்? அருகாமையில் நின்றது மகன். ராவுத்தர் தலையைத் திருப்பி, வெகு நாளைக்குப் பிறகு அவனை நேராகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு குழறல் இல்லாமல் சொன்னார்.

"காதர் மைதீன்."

மெஷின் 'டிங்' என்று மணி அடித்தது. பச்சை டிக் விழுந்தது. ராசிபுரத்துப் பெண் கைதட்டினாள். "சூப்பருங்க பாய்! பையன் பேரக் கரெக்ட்டாச் சொல்லிட்டீங்க!" டாக்டரும் எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். மைமூன், "யா அல்லா" என்று வாயைப் பொத்திக்கொண்டார். காதர் அழுதான். ஆனந்தக் கண்ணீர் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

வராந்தாவில் என்னை மறித்தான். "அந்தச் சொல் மட்டும் மறந்துபோயிருக்குமா மேடம்? மூளையில அடிபட்டதுல அது போயிருக்குமா?"

"போகும் தம்பி. சில சொல்லு அப்படித்தான், திரும்ப வராது" என்றேன். கூசாமல் பொய் சொன்னேன்.

"நீங்கதானே மேடம் சொன்னீங்க, எல்லாம் போயும் அவருகிட்ட மிஞ்சுனது அது ஒண்ணுதான்னு."

 பிறகு அவனே கேட்டான். அந்த முதல் சோதனையில் மெஷின் குரலைப் பதிவு செய்திருக்கும் இல்லையா, அதை மட்டும் தன் போனுக்கு வாங்கித் தர முடியுமா என்று. தன்னை அப்பா கடைசியாகக் கூப்பிட்டது அதில்தானே இருக்கிறது.

நானும் விடாமல் அலைந்தேன். ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கேட்டேன், மெஷின் கம்பெனி ஆட்களிடம் போனில் கேட்டேன். நோயாளிகளின் குரலை வெளியே கொடுக்க விதி இல்லை என்றார்கள். அது நோயாளியின் குரலேதான், கேட்பவன் அவர் மகன் என்றேன். பரிவாகத்தான் பேசினார்கள். அந்தப் பதிவு இப்போது ஆஸ்பத்திரியிலேயே இல்லையாம். மெஷினுக்கு உருது இன்னும் நன்றாக வர வேண்டும் என்று, மற்றப் பதிவுகளோடு சேர்த்து அதையும் பாடமாகக் கொடுத்துவிட்டார்களாம்.

என்ன அர்த்தம் போட்டுக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். மாவு என்றார்கள்.